கன்று விழுந்தால் எழுந்து நிற்கவும்

எங்கள் ஊர் ரோடியோவில், அதாவது குதிரை மேலிருந்து கன்றுக்குக் கயிறு வீசிப் பிடிக்கிற, காளை மேல் சவாரி செய்கிற திருவிழாவில், ட்ரம்பெட்டில் தேசிய கீதம் வாசித்துக்கொண்டிருந்தவன் நான்தான். இப்போது இல்லை. ஏன் இல்லை என்று ஊரில் யாரைக் கேட்டாலும், "அந்த ஆளு கொடிய அவமதிச்சுட்டான்யா" என்பார்கள். சொல்லிவிட்டுத் தரையில் துப்புவார்கள். துப்பட்டும். நடந்ததை நடந்தபடி நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவர்கள் எங்கே வேண்டுமானாலும் துப்பிக்கொள்ளட்டும்.

என் பெயர் எமெட். ஒஹையோவிலிருந்து வயோமிங்குக்கு வந்து, பாக்ஸ்டர் ஃபோர்க் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராகச் சேர்ந்து, இந்த ஊர்ப் பெண் வெர்னாவைக் கல்யாணம் செய்துகொண்டு, தலைமுடியெல்லாம் இங்கேயே கொட்டியாகிவிட்டது. ஆனாலும் கடைத்தெருவில் நான் இன்னமும் 'கிழக்கேயிருந்து வந்தவர்'தான். இந்த ஊரில் பிறக்காதவன் இங்கேயே செத்தாலும் விருந்தாளியாகத்தான் சாக வேண்டும்.

வெர்னாவின் பெரியப்பா மகன் ராய்ஸ் டில்மன். ரோடியோ கமிட்டிக்குத் தலைவர். கமிட்டிக்குள் விலங்கு நலத் துணைக் கமிட்டி என்று ஒன்று உண்டு, அதற்கும் அவரே தலைவர். மிருகங்களைக் கயிறு போட்டு இழுக்கிற கமிட்டிக்கும், இழுக்கும்போது வலிக்கக்கூடாது என்று பார்த்துக்கொள்கிற கமிட்டிக்கும் ஒரே தலைவரா என்று ஒருமுறை விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். "வேற யாரை நம்பச் சொல்ற மாப்ள? மாட்டைப் பத்தித் தெரியாதவனையா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அவர் பேசும்போது எதுவுமே நியாயமாகத்தான் படும், வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கேயோ இடிக்கும்.

முன்பெல்லாம் களத்தில் கன்றோ குதிரையோ அடிபட்டு விழுந்தால், நாலு பேர் ஒரு தார்ப்பாயை விரித்து மறைத்துப் பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் இழுவைப் பலகையில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தார்ப்பாயில் ஒரு சிக்கல் இருந்தது. அதைக் கண்டதும் ஜனங்களுக்கு ஆவல் வந்துவிடும். "என்னப்பா அங்க, என்ன ஆச்சு?" என்று பாப்கார்னும் கையுமாக எழுந்து எட்டிப்பார்ப்பார்கள். குழந்தைகள் அழும். வெளியூர்க்காரர்கள் செல்போனைத் தூக்குவார்கள்.

அப்புறம் ஒரு ஜூலையில் கடவுளே வழிகாட்டினார் என்பது ராய்ஸின் கட்சி. கயிற்றுச் சுருக்கு கழுத்தில் விழுந்து, குதிரை சட்டென்று நிற்க, ஒரு கன்று மல்லாக்கப் பறந்து விழுந்தது. கால் முறிந்த சத்தம் முதல் வரிசை வரைக்கும் கேட்டது. அதே நேரம், வாசலில் தேசியக் கொடியோடு நின்றிருந்த பெண்ணின் குதிரை மிரண்டு, அவளையும் கொடியையும் தூக்கிக்கொண்டு களத்துக்குள் பாய்ந்தது. கொடியைக் கண்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு யோசனையே வேண்டாம், கால் தானாக எழும். காலரியில் இருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தது. எல்லாரும் எழுந்ததைப் பார்த்து, பழக்கதோஷம், நானும் ட்ரம்பெட்டை வாயில் வைத்துவிட்டேன். வாசித்து முடித்ததும் கைதட்டல் காதைப் பிளந்தது. நடுவில் ஒரு கன்று கிடந்ததே யாருக்கும் நினைவில்லை. அந்த வருஷம் ஒரு புகார்கூட வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் ராய்ஸ் எழுந்தார். நெடிய மனிதர், மீசையைத் தடவிக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார்.

"தார்ப்பாயைப் பார்த்தா ஜனம் என்ன கேக்கும்? பின்னாடி என்ன இருக்குன்னு கேக்கும். கொடியைப் பார்த்து எவனாச்சும் பின்னாடி என்ன இருக்குன்னு கேப்பானா? கேட்டுட்டு இந்த ஊர்ல இருந்துருவானா?"

யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஏகமனதாக முடிவாயிற்று. விலங்கு நலத்துக்காக இன்னும் பெரிய கொடி ஒன்று வாங்கினார்கள். அன்றிலிருந்து களத்தில் எந்த மிருகம் விழுந்து எழாவிட்டாலும் கொடி உள்ளே வரும், நான் வாசிப்பேன், ஊர் எழுந்து நிற்கும். நலம் காக்கப்பட்டது.

முதலில் கொஞ்ச நாள், கீதம் ஓடும்போதே மாட்டு டாக்டரும் ஆட்களும் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அதற்கும் வந்தது வில்லங்கம். ஹாலிஸ் என்று ஒரு பழைய ராணுவக்காரர், முன்வரிசையில் நின்றபடி சத்தம் போட்டார்.

"டேய்! கீதம் ஓடிக்கிட்டிருக்கு, தலையில தொப்பியோட கன்னுக்குட்டிய இழுத்துக்கிட்டுத் திரியறியே, உனக்கு வெக்கமா இல்ல? எதுக்குடா நாங்க போய்ச் சண்டை போட்டோம்?"

இழுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே விட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். காலரி அவனுக்குக் கைதட்டியது. அன்று மாலையே விதி போட்டார்கள். கீதம் ஓடும்போது களத்துக்குள் யாரும் அசையக்கூடாது. டாக்டரும்தான்.

டாக்டர் மிரியம் ஹால்வர்சன் அப்போதுதான் படிப்பை முடித்து வந்திருந்த பெண். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார், அடிபட்டா முதல் ரெண்டு நிமிஷம்தான் ரொம்ப முக்கியம்..."

"கீதமும் ரெண்டு நிமிஷம்தான் டாக்டரம்மா" என்றார் ராய்ஸ் மலர்ந்த முகத்தோடு. "எப்படி ஒத்துப்போவுது பாத்தீங்களா!"

அதற்குப் பிறகு அந்தப் பெண் ஊசியும் பையுமாக ஓடிவருவாள், நான் ஊத ஆரம்பித்ததும் கன்றுக்கு நாலடி தள்ளி நின்றுவிடுவாள், ஊசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நெஞ்சில் வைப்பாள். கன்று கால் உதைத்துக்கொண்டு கிடக்கும். நான் முடிக்கும்போது பெரும்பாலும் அதுவும் முடித்திருக்கும். "ஜனங்களே, பயப்படாதீங்க, நம்ம செல்லம் அமைதியாயிருச்சு!" என்பான் மைக் பிடிக்கிற பட் கிரைம்ஸ். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

எனக்கு மண்டை காய்ந்தது. ராய்ஸைப் பிடித்துக் கேட்டேன். "மச்சான், டாக்டரை வெச்சிருக்கறதே மாட்டைக் காப்பாத்தத்தானே? அவங்களை நிக்க வெச்சுட்டா எப்படி?"

"மாப்ள, நீ பாட்டு வாத்தியார். நீ ஊது. நாட்டை நாங்க பாத்துக்கறோம்."

போகப் போக ஊருக்கே பழகிவிட்டது. ஒரே மதியத்தில் எத்தனை தடவை எழுந்து நிற்பது என்று வயசானவர்கள் உட்காருவதையே விட்டுவிட்டார்கள். என் உதடு வீங்கி, வீட்டுக்குப் போய் ஐஸ் வைக்க வேண்டியிருந்தது. டைனரில் காபி குடிக்கிறவர்கள், "நேத்து நிகழ்ச்சி பிரமாதம், தேசபக்தின்னா இப்படி இருக்கணும்" என்று பேசிக்கொண்டார்கள். எவ்வளவு மிருகம் விழுந்ததோ அவ்வளவு தேசபக்தி.

ஒரு சனிக்கிழமை காளைச் சவாரி. கேடன் என்ற பையனைக் காளை உதறித் தள்ளியது. தள்ளிய வேகத்தில் அதுவும் முட்டி மடங்கி அவன் மேலேயே சாய்ந்தது. மிருகம் விழுந்துவிட்டது, கொடி வந்துவிட்டது. கோமாளி வேஷம் போட்டுக் காளையைத் திசைதிருப்ப வேண்டிய இரண்டு பேரும் தங்கள் சிவப்பு டோப்பாவைக் கழற்றி நெஞ்சில் வைத்து நின்றார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். அடியில் கிடந்த கேடன், மூச்சு வாங்க முடியாமல், எட்டிப் பிடித்துத் தன் தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்தான். காளை தலையைத் தூக்கி இத்தனை பேரும் சிலையாக நிற்பதைச் சுற்றிலும் பார்த்தது. மெதுவாக எழுந்தது. நொண்டிக்கொண்டே தன் பட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அந்தக் களத்தில் புத்தியோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

கேடனுக்கு விலா எலும்பெல்லாம் போயிற்று. அவன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பய மாட்டுக்கு அடியில கெடந்தும் தொப்பியக் கழட்டினான் பாத்தியா! வளர்ப்புன்னா அது!" என்று பெட்ரோல் பங்கில் நிற்கிறவர்களையெல்லாம் பிடித்துச் சொன்னார்.

இந்த லட்சணத்தில் மாநில அளவில் விலங்கு நலக் கேடயம் எங்கள் ஊருக்கு வந்தது. விழா மண்டபத்தில் விருந்து. ஆளுக்கொரு மாட்டிறைச்சி ஸ்டேக், தட்டை விட்டு வெளியே தொங்குகிற அளவு. வெர்னாவும் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். ராய்ஸ் மீசையைத் தடவினார்.

"நம்மளைப் பார்த்து, மிருகத்துக்கு வலிக்காதான்னு கேக்கறாங்க. நான் பொறந்ததுலேருந்து மாட்டோட கெடக்கேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு மாடுகூட என்கிட்ட வந்து வலிக்குதுன்னு சொன்னதில்ல." சிரிப்பு. "பட்டணத்துக்காரன் நாயை சோபாவுல தூங்கவெக்கறான். அந்த நாய்க்கு என்ன மரியாதை இருக்கு? நம்ம கன்னுக்குட்டிக்கு ஊரே பாக்க ஓடற கௌரவம். நாம மாட்டை நேசிக்கறோம். நேசிக்காமயா தட்டுல வெச்சிருக்கோம்?" மேசைகள் அதிர்ந்தன. "இந்த வருஷம் நம்ம களத்துல ஒரு மிருகம் அடிபட்டதை நான் பார்த்தேன்னு சொன்னவங்க எத்தனை பேர்? யாருமில்ல! இதைவிட வேறென்னய்யா நலம்?"

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். எழுந்து நின்ற வேகத்தில் சிலர் பழக்கதோஷத்தில் தொப்பியையும் கழற்றிவிட்டார்கள்.

வெர்னா எழவில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன், என் மனைவி மாட்டைக் கண்டு கண் கலங்குகிற ஆள் இல்லை. பண்ணைக்காரி. கன்று வளர்த்து விற்பவள், விற்றது எங்கே போகிறது என்று தெரிந்தவள், அன்று அந்த ஸ்டேக்கையும் மிச்சம் வைக்காமல் தின்றவள். ஆனால் என் காதருகில் சொன்னாள். "அறுக்கறது வேற, எமெட். இது வேற."

அடுத்த பிப்ரவரியில் பனிப்புயல் அடித்து எங்கள் பசுக்களில் பாதியும், பிறந்திருந்த கன்றுகளில் ஒன்றைத் தவிர எல்லாமும் போயிற்று. தாய் செத்த அந்தக் கன்றை வெர்னா சமையலறைக்குள் தூக்கி வந்து, அடுப்புப் பக்கத்தில் போட்டு, பாட்டிலில் பால் கொடுத்துப் பிழைக்க வைத்தாள். வெள்ளையும் பழுப்புமாக, உருளைக்கிழங்கு மசியல் மேல் ஊற்றுகிற குழம்பின் நிறம். நான்தான் விளையாட்டாக 'கிரேவி' என்றேன். "பேரெல்லாம் வெக்காத. பேரு வெச்சா விக்க முடியாது" என்று திட்டினாள். மார்ச் மாதம் பார்த்தால் கொல்லையில் நின்று "கிரேவி, கிரேவி, வாடா தங்கம்" என்று இவள்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அதுவும் மனுஷர்களைக் கண்டால் ஓடிவந்து விரலைச் சப்பும். தான் ஒரு மாடு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

ரோடியோவுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாப் பண்ணையும் கன்று கொடுக்க வேண்டும். அது முறை. கொடுத்த வீட்டின் பெயரை மைக்கில் படிப்பார்கள். கொடுக்காத வீட்டின் பெயரைப் படிக்காமலே எல்லாருக்கும் தெரிந்துவிடும். புயலுக்குப் பிறகு எங்களிடம் கயிறு போடுகிற வயசில் இருந்தது கிரேவி ஒன்றுதான். ராய்ஸ் வந்து வேலியோரம் நின்றார்.

"தங்கச்சி, நம்ம குடும்பத்துலேருந்தே கன்னு போகலைன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மத்தவங்கள கேக்கறது?"

"அண்ணே, அது பாட்டில் கன்னு. அதுக்கு ஓடத் தெரியாது."

"ஓடினாத் தெரிஞ்சுக்கும்."

வெர்னா கொல்லையில் நின்ற கிரேவியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "சரி. ஆனா ஒண்ணு. அதுக்கு ஏதாச்சும் ஆனா டாக்டர்தான் முதல்ல. கொடி கிடி எல்லாம் அப்புறம். சத்தியம் பண்ணு."

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார். "எங்கம்மா மேல சத்தியம்."

தொப்பியைக் கழற்றிவிட்டார் என்றதும் இவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இந்த ஊர்ப் பெண்தானே.

வெள்ளிக்கிழமை. கோல்ட்டன் என்ற சூரன், போன வருஷம் பரிசு வாங்கியவன், குதிரை மேல் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு தயாராக நின்றான். பட்டிக் கதவு திறந்தது. கிரேவி வெளியே வந்தது, நின்றது. சுற்றிப் பார்த்தது. இத்தனை மனுஷர்கள்! அதற்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நேரே கோல்ட்டனின் குதிரையிடம் நடந்து போய், அவன் பூட்ஸை நக்கியது. கயிறு போட இடமில்லை. கன்று ஓடினால்தானே துரத்தலாம்? அவன் குதிரையைப் பின்னுக்குத் தள்ளத் தள்ள, இது பின்னாலேயே போனது. அப்புறம் என்னைப் பார்த்துவிட்டது. களத்தின் அந்தக் கோடியில் என் மேடை. வாலைத் தூக்கிக்கொண்டு குதித்து வந்து, மேடை விளிம்பில் முன்னங்காலை வைத்து, என் சட்டைக் கையைச் சப்ப ஆரம்பித்தது. காலரி விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் களத்தில் ஒரு மிருகத்தைப் பார்த்து ஜனங்கள் சந்தோஷமாகச் சிரித்தது எனக்குத் தெரிந்து அன்று ஒருநாள்தான்.

கோல்ட்டன் தொப்பியைத் தரையில் அடித்தான். அன்று மாலை விலங்கு நலத் துணைக் கமிட்டி அவசரமாகக் கூடியது. என்னையும் வெர்னாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

"இது கவலைப்பட வேண்டிய விஷயம்" என்று ஆரம்பித்தார் ராய்ஸ். "கன்னுன்னா ஓடணும். ஓடறதுதான் அதோட சந்தோஷம். ஓடலைன்னா அது மனசுல என்னமோ துக்கம் இருக்கு. அந்தத் துக்கத்தைப் போக்கறது இந்தக் கமிட்டியோட கடமை."

"அதுக்குத் துக்கமே இல்லண்ணே. பயம்தான் இல்ல" என்றாள் வெர்னா.

"அதையேதான் தங்கச்சி நானும் சொல்றேன். பயம் இல்லாத கன்னு எப்படி நல்லா இருக்க முடியும்?"

ஞாயிற்றுக்கிழமை கோல்ட்டனுக்கு மறு ஓட்டம், அதே கன்றோடு என்று தீர்ப்பானது. கன்றுக்கு உதவியாக, கதவு திறக்கும்போது பின்னால் உற்சாகக் கோல் வைக்கப்படும். பேட்டரி போட்ட ஷாக் குச்சி. பெயர் மட்டும் கமிட்டி வைத்தது.

வெர்னா எழுந்துவிட்டாள். "என் கன்னை என்கிட்ட குடு. நான் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன்."

"எப்படிம்மா முடியும்? நடுவுல வாபஸ் வாங்கினா கோல்ட்டன் மனசு என்ன பாடுபடும்? நலம்னா எல்லாருக்கும்தான் நலம். மாட்டுக்கு மட்டும்தான்னு எங்க எழுதியிருக்கு?"

"அண்ணே, சத்தியம் பண்ணியிருக்க."

"அடிபட்டாத்தானே அந்தப் பேச்சு? நல்ல நாளும் அதுவுமா ஏன் அபசகுனமா பேசற?"

ஞாயிறு காலையில் வெர்னா பால் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "சாயங்காலம் வந்ததும் பசிக்கும் அதுக்கு" என்றாள்.

ஞாயிறு மதியம் காலரியில் எள் போட்டால் விழாது. வெர்னா என் மேடைக்குப் பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்தது. பின்னாலிருந்து 'சட்' என்று ஒரு சத்தம். கிரேவி வாழ்க்கையில் முதல்முறையாக ஓடியது. எந்தப் பக்கம் ஓடும்? தெரிந்த முகம் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம். எங்களை நோக்கி ஓடிவந்தது, வாயைத் திறந்துகொண்டு. பாதி வழியில் கயிறு விழுந்தது. கோல்ட்டனின் குதிரை நல்ல பழக்கமுள்ள குதிரை, சட்டென்று நின்றது. கன்று காற்றில் திரும்பிக் கழுத்து கீழே வர விழுந்தது. எழப் பார்த்தது, பின்னங்கால்கள் வரவில்லை.

டாக்டர் மிரியம் பையோடு ஓடிவந்தாள். நான் ராய்ஸைப் பார்த்தேன். களத்தின் நடுவில் தன் வெள்ளைக் குதிரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கை உயர்ந்தது, கொடிக்கு. டாக்டர் முதலில் என்று அம்மா மேல் சத்தியம் செய்த அதே கை.

கொடி வந்தது. காலரி எழுந்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது. வெர்னாவும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தாள். கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிகிறது, கன்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், கை நெஞ்சில் இருக்கிறது. நடக்கத் தொடங்கும் முன்பே அவளுக்கு அதைப் பழக்கிவிட்டார்கள். என் கையும் அப்படித்தான், தானாக ட்ரம்பெட்டைத் தூக்கியது, வாய் தானாக ஊதியது. டாக்டர் நாலடி தள்ளி நின்றுவிட்டாள். ஊசி இடது கைக்குப் போயிற்று.

கீதத்தில் கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு உச்சம் வரும். அங்கே நீட்டிப் பிடித்தால் ஜனங்கள் விசில் அடிப்பார்கள். அதற்கு மூச்சு எடுக்க வேண்டும். மூச்சு எடுத்த அந்த இடைவெளியில் எனக்குக் கேட்டது. ட்ரம்பெட்டை இறக்கிவிட்டேன்.

இத்தனை பேர் நிற்கிறார்கள், சத்தமே இல்லை. கீதம் முடியவில்லை, அதனால் உட்காரவும் முடியாது, தொப்பி போடவும் முடியாது, பேசவும் முடியாது. அந்த அமைதியில், "ம்மா" என்று கேட்டது. மறுபடியும், "ம்மா..." சமையலறையில் பால் கேட்கிற அதே குரல். இரண்டு வருஷமாக என் ட்ரம்பெட்டுக்கு அடியில் இப்படி எத்தனை குரல் கிடந்ததோ. காலரி முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஹாலிஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு சின்னப் பெண், "அம்மா, அதுக்கு வலிக்குதும்மா" என்றாள். ஊரே கேட்டது.

டாக்டர் என்னைப் பார்த்தாள். ஓரடி எடுத்து வைத்தாள். இன்னும் ஓரடி.

"வாத்தியாரே, ஊதுங்க, முடிச்சுருங்க!" மைக்கில் பட் கிரைம்ஸ் கெஞ்சினான்.

"மாப்ள!" ராய்ஸ் குதிரை மேலிருந்து கத்தினார். "முடி! முடிச்சுத் தொலை!"

"டாக்டரை விடுய்யா மொதல்ல!" என்று நானும் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

வெர்னா வேலி மேல் ஏறிவிட்டாள். தொப்பி கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் குதித்தபோது ராய்ஸ் பாட ஆரம்பித்தார். நான் நிறுத்தின இடத்திலிருந்து, சரியாக அந்த உச்சத்திலிருந்து. முதலில் தனியாக. பிறகு கோல்ட்டன். பிறகு ஹாலிஸ், தலையை நிமிர்த்திக்கொண்டு. பிறகு மொத்தக் காலரியும். எவ்வளவு நிம்மதியாகப் பாடினார்கள் தெரியுமா! கண்ணீர் வழியப் பாடினார்கள். சுருதி ஓரிடத்தில்கூட விலகவில்லை. விலகாது, அவர்களில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே. முடித்துவிட்டு நிறுத்தவும் இல்லை, முதலிலிருந்து மறுபடி எடுத்தார்கள். கன்றின் குரல் அதோடு அமுங்கிப்போனது.

பாட்டு தொடங்கியதும் டாக்டர் எடுத்த காலை வைத்துவிட்டு நின்றாள். கை நெஞ்சுக்குப் போயிற்று. வெர்னா மட்டும் நடந்தாள். மண்ணில் உட்கார்ந்து கன்றின் தலையை மடியில் எடுத்து வைத்தாள். விரலை அதன் வாயில் கொடுத்தாள். அது கொஞ்ச நேரம் சப்பியது, நான் பார்த்தேன். அப்புறம் சப்பவில்லை.

பாடி முடித்ததும் டாக்டர் வந்தாள், குனிந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், எழுந்து தன் பையை மூடினாள். காலரி ஊளையிட்டது. கன்றுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். கீதம் ஓடும்போது நடந்த பொம்பளைக்காக. யாரோ ஒரு பீர் டப்பாவை வீசினான்.

"ஜனங்களே, பயப்படாதீங்க" என்றான் பட் கிரைம்ஸ். "பாருங்க, நம்ம செல்லம் எஜமானி மடியில எவ்வளவு அமைதியா இருக்கு!" ஊளை நின்று கைதட்டல் எழுந்தது. அடுத்த கன்றுக்குக் கதவருகே ஆள் தயாரானான்.

எங்கள் இரண்டு பேரையும் கமிட்டி விசாரித்தது. கன்று செத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கீதத்தை நடுவில் நிறுத்தியது, இவள் நடந்தது, இவ்வளவுதான். "டாக்டரைத் தடுத்தது யார்?" என்று வெர்னா கேட்டாள். "யாரும்மா தடுத்தா? அவங்களா மரியாதையா நின்னாங்க" என்றார் ராய்ஸ், டாக்டரைப் பார்த்து. டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு ரோடியோ களத்துக்குள் நுழைய ஆயுசுக்கும் தடை போட்டார்கள். இப்போது கீதத்துக்கு ஒலிப்பதிவு. அது மூச்சு எடுக்காது.

மறு வருஷமும் விலங்கு நலக் கேடயம் எங்கள் ஊருக்குத்தான். கேடயத்தோடு ஒரு பெரிய படத்தையும் களத்து வாசலில் மாட்டியிருக்கிறார்கள், நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி. ஒரு பெண் மண்ணில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஒரு கன்று தலை சாய்த்திருக்கிறது. அடியில், 'நாங்கள் எங்கள் மிருகங்களை நேசிக்கிறோம்' என்று கொட்டை எழுத்தில். அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஊருக்குள் போகிற ஒரே சாலை அதுதான், தீவனம் வாங்கப் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வெர்னா அந்த இடம் வந்ததும் பிக்கப் வண்டியை நிறுத்துவாள். இறங்கி, தொப்பியைக் கழற்றி, கொஞ்ச நேரம் நிற்பாள்.

அந்தப் படத்தில் கன்று செத்துப்போயிருக்கிறது. அந்த வழியாகப் போகிற வேறு யாரும் அதற்காகத் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை.